நண்பகலில் நின்றுபோகும் பதிவு: ஒரு டேஷ்கேம் நாட்குறிப்பு

மே 5, 2025, திங்கள்

மாலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கப் போனபோது முன் பம்பரின் இடது மூலை நசுங்கியிருந்தது. யாரோ பின்னால் எடுக்கும்போது இடித்திருக்கிறார்கள். அவர்கள் வண்டியின் வெள்ளைப் பெயின்ட் பம்பரில் தீற்றியிருந்தது. முன் கண்ணாடியில் டேஷ்கேம், அதாவது வண்டி நிற்கும்போதும் வெளியே நடப்பதைப் பதிவு செய்யும் கேமரா, இருக்கிறதே என்ற தைரியத்தில் பெரிதாகப் பதறவில்லை.

வீட்டுக்கு வந்து கேமராவின் மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டேன். காலையில் நிறுத்தியது 8.50. கடைசிக் கோப்பு தொடங்கியது 11.52. அந்தக் கோப்பும் திறக்கவில்லை, அளவு பூஜ்யம் என்று காட்டியது. அடுத்தது, மாலையில் நான் சாவி போட்ட பிறகு பதிவானது. நடுவே ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் எதுவும் இல்லை.

பம்பரைவிட இதுதான் உறுத்துகிறது. கேமராவே இல்லாதிருந்தால் ஆள் நடமாட்டம் உள்ள இடமாகத் தேடி நிறுத்தியிருப்பேன். பதிவாகிறது என்று நம்பித்தான் கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். எத்தனை நாளாக இப்படி நடக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை, பழைய கோப்புகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன.

இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்றுவது என்று முடிவு.

மே 6, செவ்வாய்

முதல் சந்தேகம் மெமரி கார்டு. சந்தேகப்படக் காரணமும் இருந்தது. என் கேமரா 4கே தரத்தில் நொடிக்கு சுமார் 30 மெகாபிட் எழுதுகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 13.5 ஜிபி. 64 ஜிபி கார்டு நாலரை மணி நேரத்தில் நிறைந்து, பிறகு பழையதை அழித்து எழுதத் தொடங்கும். ஒன்பது மணி நேரம் ஓடினால் ஒரே நாளில் கார்டு முழுவதும் இரண்டு முறை எழுதப்படுகிறது. போனில் படம் சேமிக்கும் சாதாரண கார்டு இந்த உழைப்பைத் தாங்காது. கண்காணிப்பு கேமராவுக்கென்றே 'ஹை எண்டூரன்ஸ்' என்று தனியாக விற்பது இதற்காகத்தான். என்னுடையது அந்த வகைதான், வயது ஒன்றரை வருடம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதிர்வு உணரும் ஜி-சென்சார் மிக நுட்பமான நிலையில் இருந்தது. கதவை அறைந்து சாத்தினாலும் 'விபத்து' என்று அந்தக் கோப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும் லூப் பதிவு, பூட்டிய கோப்பை அழிக்காது. கார்டில் ஏறத்தாழ பாதி இப்படி அடைபட்டுக் கிடந்தது.

தேவையானதை எடுத்துக்கொண்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்தேன். கணினியில் செய்வதைவிட அதுதான் நல்லது, தனக்கு வேண்டியபடி அமைத்துக்கொள்ளும். சென்சாரை இன்று தொடவில்லை.

இன்று தாமதமாக 9.30க்கு நிறுத்தினேன். பதிவு நின்றது 11.58.

மே 7, புதன்

நேற்றைய விடையைப் பலமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். திங்களன்று மூன்று மணி நேரம் ஓடி நின்றது. செவ்வாயன்று இரண்டரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் நின்ற நேரம் இரண்டு நாளும் பன்னிரண்டை ஒட்டி. ஓடிய நேரம் முக்கியமில்லை, கடிகார நேரம்தான் முக்கியம் என்று தோன்றுகிறது. இருந்தாலும் மின்சாரத்தைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "பேட்டரி இறங்கி கட் ஆகுதாண்ணே?" என்று கேட்டேன்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பன்னெண்டரை வோல்ட்டுக்கு மேல நிக்குது தம்பி. பேட்டரி மேல பழி போடாதீங்க" என்றார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். கேமராவை வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் இந்த வயரிங் கிட்டில் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரன்ட் வர வேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். மூன்றும் சரியாகத்தான் இருந்தன. எர்த் போல்ட்டுக்கு அடியில் மட்டும் பெயின்ட் இருந்தது. சுரண்டி, முறுக்கிக் கொடுத்தார்.

கட்-ஆஃப் 12.0 வோல்ட்டில் இருக்கிறது. பேட்டரி அதற்குக் கீழே போனால் கேமராவுக்கான மின்சாரம் நிறுத்தப்படும். கேமரா இழுப்பது சுமார் 4.5 வாட். மூன்று மணி நேரத்துக்கு 13.5 வாட்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 540. நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை.

இன்று இரவு சோதனை. ஒன்பது மணிக்கு வண்டியைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

மே 8, வியாழன்

காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது! ஒன்பது மணி நேரம். கார்டில் இருக்கும் கோப்புகளில் ஒரு நிமிட இடைவெளிகூட இல்லை. பேட்டரி 12.5 வோல்ட்.

அதே கார்டு, அதே ஒயர், அதே அமைப்பு. இரவில் ஒன்பது மணி நேரம், பகலில் மூன்று. வெயில்தான்.

பகலில் வானம் மூட்டமாக இருந்தது. பதிவு 2.10 வரை ஓடியது.

மே 10, சனி

விடுமுறை. வண்டியை வெயிலில் விட்டுவிட்டு, துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியோடு பக்கத்திலேயே இருந்தேன்.

முதல் அரை மணி நேரம் வீண். கதவைத் திறந்தால் சூடு வெளியேறிவிடுமே என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கேமராவைக் குறிவைத்தேன். 49 டிகிரி செல்சியஸ் காட்டியது. டேஷ்போர்டைக் குறிவைத்தாலும் அதே 49, சீட்டுக்கும் அதே. பிறகுதான் பொறிதட்டியது: கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், ஆனால் சூடான பொருள் வெளியிடும் நீண்ட அலை அகச்சிவப்பை விடாது. நான் அளந்துகொண்டிருந்தது கண்ணாடியின் சூட்டை.

கதவைத் திறந்து சட்டென்று அளந்தேன். டேஷ்போர்டு 72. கேமராவின் முதுகு 68. வெளியே நிழலில் 38. கேமராவின் கையேட்டில் இயங்கும் வரம்பு 60 என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

கையில் எடுத்தபோது இன்னொன்று. திரையின் ஓரம் ஒரு நூல் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறது. பட்டன் அழுத்தினால் 'டிக்' என்ற ஓசை இல்லை. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது.

உடனே கழற்றி, ஒயரைப் பிடுங்கிவிட்டேன். வெயிலில் நிற்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. லித்தியம் அயனி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது பொதுவாக 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. நானோ தினமும் மாலையில் வெந்து கிடக்கும் வண்டியில் சாவியைப் போட்டேன். கேமரா அந்தச் சூட்டோடு சார்ஜ் ஏற்றியிருக்கும்.

கடைசிக் கோப்பு ஏன் திறக்கவில்லை என்பதற்கும் இதுவே விடை என்று நினைக்கிறேன். பல கேமராக்களில் எம்பி4 வீடியோ கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், அது இல்லாவிட்டால் கோப்பு திறக்காது. கேமரா திடீரென்று அணைந்தால், அதை எழுதி முடிக்கும் சில நொடிகளுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியது உள்ளே இருக்கும் பேட்டரி. அது செத்துவிட்டது.

இரவு இதைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் செய்து 2005இல் வெளியான ஆய்வில், நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலனில்லை. 2018இல் அரிசோனாவில் செய்த ஆய்வில், 38 டிகிரிக்கு மேல் அடித்த நாட்களில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டிகளின் டேஷ்போர்டு சராசரியாக 69ஐத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் 48.

இரண்டு ஆய்வுகளும் செய்யப்பட்டது கேமராவுக்காக அல்ல, காருக்குள் விட்டுச்செல்லப்படும் குழந்தைகளுக்காக. அரை மணி நேரம் என்ற அந்த எண்ணைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் கேமராவைப் பற்றி யோசிக்க முடியவில்லை. 'ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவேன்' என்று சொல்லி யாரையும் உள்ளே விட்டுப் போகக் கூடாது.

மே 11, ஞாயிறு

உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மறுபடி சார்ஜ் ஏற்றிப் பார்க்கவோ கூடாது. குப்பையில் போடவும் கூடாது. கேமராவைத் திறக்காமல் அப்படியே மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில், பேட்டரி உப்பியிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன்.

நண்பர் ஒருவர், "பவர் பேங்க்கை வண்டியிலேயே வைத்து ஓட்டிப் பாரேன்" என்று யோசனை சொன்னார். பவர் பேங்க்கும் லித்தியம்தான். நேற்று கையில் எடுத்ததைவிடப் பல மடங்கு பெரியது. அதே சூட்டில் அதை வைக்க மாட்டேன்.

மே 13, செவ்வாய்

புதிய கேமரா. பேட்டரிக்குப் பதில் சூப்பர் கபாசிட்டர் உள்ளது, வரம்பு 70 டிகிரி. சூப்பர் கபாசிட்டர் மின்னூட்டத்தை வேதிவினையில் சேர்ப்பதில்லை என்பதால் சூட்டை நன்றாகவே தாங்கும். கொள்ளளவு சொற்பம். ஒயரைப் பிடுங்கினால் சில நொடிகள்தான் உயிரோடு இருக்கும், கடைசிக் கோப்பை மூட அது போதும்.

ஜி-சென்சாரை முதலிலேயே குறைத்து வைத்துவிட்டேன்.

மே 15, வியாழன்

நேற்று பதிவு 2.25 வரை ஓடியது. இன்று இன்னும் நன்றாக ஓடட்டும் என்று முன் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் ஒட்டிய சன்ஷேடு வைத்தேன். 1.20க்கே நின்றுவிட்டது. சன்ஷேடு வைத்ததால் மோசமாகியிருக்கிறது!

ஆனால் இந்தக் கேமரா காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறது. கடைசிக் கோப்பு திறக்கிறது, அதிகச் சூடு என்ற எச்சரிக்கைக் குரலும் அதில் பதிவாகியிருக்கிறது. பழையதோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய நிம்மதி.

மே 17, சனி

இன்று அகச்சிவப்பு வெப்பமானியை நம்பவில்லை. பளபளக்கும் வெள்ளித்தாளில் அது தவறாகக் குறைத்துக் காட்டும். நீளமான ஒயரின் முனையில் சென்சார் உள்ள சாதாரண டிஜிட்டல் வெப்பமானியைக் கேமராவுக்குப் பக்கத்தில் டேப்பால் ஒட்டி, திரையை வெளியே இழுத்து வைத்தேன்.

சன்ஷேடு இல்லாமல் ஒரு மணிக்கு 66. சன்ஷேடு வைத்து அதே இடத்தில், முக்கால் மணி நேரம் கழித்து 74. அதே வேளை சீட்டின் பக்கம் சூடு நன்றாகக் குறைந்திருந்தது. சன்ஷேடு தன் வேலையைச் செய்கிறது, வண்டியைக் காக்கிறது. கேமராவோ அதற்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. கண்ணாடி வழியே வரும் வெயில் ஒரு முறையும், வெள்ளித்தாளில் பட்டுத் திரும்பும் வெயில் இன்னொரு முறையுமாகச் சுடுகிறது. சூடான காற்று போக வழியில்லை.

சன்ஷேடின் மேல் விளிம்பில் கேமரா அளவுக்கு ஒரு வெட்டு போட்டேன். கேமராவின் முதுகு வண்டியின் உட்புறக் காற்றைப் பார்க்கும்படி சுற்றிலும் விரல் அகலம் இடைவெளி விட்டேன். 74 இருந்த இடத்தில் 65.

கேமராவின் இடத்தையும் பார்த்தேன். கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும் பட்டையில்தான் ஒட்டியிருந்தேன், பார்வைக்கு மறையும் என்று. கறுப்பு வெயிலைக் குடிக்கும் என்பது தெரிந்ததுதான். நாளை கீழே இறக்க வேண்டும்.

மே 18, ஞாயிறு

பட்டைக்குக் கீழே, வைப்பர் துடைக்கும் பகுதிக்குள், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநர் பார்வையை மறைக்காத இடத்தில் ஒட்டினேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டேப்பை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். மூன்று டிகிரி குறைந்தது.

மே 19, திங்கள்

இன்று கேமரா தானே உண்டாக்கும் சூட்டைக் குறைத்தேன். அது இழுக்கும் வாட் முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சூடாகத்தான் மாறுகிறது. யூஎஸ்பி மீட்டரில் பார்த்தபோது 4கே பதிவு, வைஃபை, திரை எல்லாம் ஓடுகையில் 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர், அதாவது 4.5 வாட். வண்டி நிற்கும்போது ஓடும் பார்க்கிங் மோடில் 4கேயைவிடக் குறைந்த தரமான 1080பி, குறைந்த பிட்ரேட், வைஃபை அணைத்து, திரை அணைத்து வைத்தால் 0.4 ஆம்பியர், 2 வாட். நிற்கும் வண்டியைச் சுற்றி நடப்பதைப் பார்க்க 4கே தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் 1080பியிலும் படிக்க முடிகிறது, நானே போய் நின்று சரிபார்த்தேன்.

கார்டுக்கும் இது நல்லது. நொடிக்கு 10 மெகாபிட் என்றால் மணிக்கு 4.5 ஜிபி. வண்டி நிற்கும் ஒன்பது மணி நேரமும் அழியாமல் கார்டில் நிற்கும்.

மே 24, சனி

திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வேலை நாட்கள். நான்கு நாட்களில் காலை நிறுத்தியதிலிருந்து மாலை சாவி போடும் வரை இடைவெளி இல்லை. வியாழனன்று மட்டும் 2.31க்கு எச்சரிக்கை சொல்லிவிட்டு நின்று, 3.04க்குத் தானே மறுபடி தொடங்கியிருக்கிறது. அன்று வெளியே 41 டிகிரி. முன் கண்ணாடி நேராக மேற்கு நோக்கி இருந்தது, பின்புறத்தை மேற்கே வைத்து நிறுத்த அன்று இடம் கிடைக்கவில்லை.

அந்த முப்பத்து மூன்று நிமிடங்களை நோட்டில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பதிவில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை இன்று உட்கார்ந்து பார்த்தேன். 1.40க்கு ஒரு வண்டி மெதுவாகப் பின்னால் எடுத்து, என் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்று, திருப்பிக்கொண்டு போகிறது. நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது.