கப்பலில் எந்நேரமும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்

சரக்குக் கப்பலில் நான் செகண்ட் மேட், கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரிகளில் ஒருவன். செகண்ட் மேட் என்றால் பன்னிரண்டு-நாலு வாட்ச், அதாவது கப்பலைக் கவனித்து ஓட்டும் முறை. பகல் 12 முதல் 4 வரை, நள்ளிரவு 12 முதல் அதிகாலை 4 வரை. எட்டு-பன்னிரண்டு தேர்ட் மேட்டுக்கு, நாலு-எட்டு சீஃப் ஆபீசருக்கு. கடல் கடக்கும் நாட்களில் இந்தச் சுற்று நிற்பதே இல்லை. ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. எந்த நேரத்தில் பார்த்தாலும் யாரோ ஒருவர் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் கப்பலில் கதவை யாரும் அறைந்து சாத்த மாட்டார்கள். நாங்கள் தங்கும் அக்கமடேஷனுக்குள் பூட்ஸோடு நடக்க மாட்டார்கள். முதல் தடவை பயிற்சிக்கு வரும் கேடட்டுக்கு ரேடாரைக் காட்டும் முன்பே, டெக் ஆட்களின் தலைவரான பாசன் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்.

ஊருக்குப் போனால் திமிங்கலம் பார்த்தாயா என்று கேட்பார்கள். பார்த்திருக்கிறேன். ஆனால் கடல் நடுவில் எங்கள் பேச்சில் அதிகம் அடிபடுவது தூக்கம்தான்.

சீனாவின் சிங்தாவில் நிலக்கரியை இறக்கிவிட்டு, கோதுமை ஏற்ற கனடாவின் வான்கூவருக்குக் காலியாகப் போகும் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானின் ஹோன்ஷுவுக்கும் ஹொக்கைடோவுக்கும் நடுவே சுகாரு நீரிணையைத் தாண்டினால் பிறகு பசிபிக்தான். சிங்தாவிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 5,000 கடல் மைல். மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் போனால் 16 நாள். பூமி உருண்டை என்பதால் நேர் கிழக்கே போவதைவிட வடக்கே வளைந்து, அலூஷியன் தீவுகளை ஒட்டிப் போவதுதான் குறுக்கு வழி. குளிர்காலத்தில் தாழ்வு மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் அந்த வழியில்தான்.

கிழக்கே போகப் போகக் கடிகாரத்தை முன்னால் தள்ள வேண்டும். சிங்தாவிலிருந்து வான்கூவர் போய்ச் சேர்வதற்குள் மொத்தம் 8 மணி நேரம். தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாள் இரண்டு முறை வருவது வேறு கணக்கு; அது காலண்டரில்தான் தெரியும், உடம்பில் தெரியாது. உடம்பில் தெரிவது அந்த 8 மணி நேரம். ஒரேயடியாக ஒரு மணி நேரத்தை எடுத்தால் ஒருவர் தலையில் விழும் என்று மூன்று வாட்ச்சுக்கும் 20 நிமிடமாகப் பிரிப்போம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படி. இரவு எட்டு மணிக்குப் படுத்தாலும் உடம்புக்கு அது இன்னும் சாயங்காலம். இமை மூடாது. மேற்கே திரும்பி வரும்போது அந்த மணி நேரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைக்கும். மெஸ்ஸில் முகங்களைப் பார்த்தே கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இதற்கு நடுவில் ஹோல்டு, அதாவது சரக்கு அறை, கழுவும் வேலை. நிலக்கரி கிடந்த இடத்தில் கோதுமை ஏற வேண்டும். சுவரில் ஒரு கரித்தடமோ, உரிந்து தொங்கும் துருச் சில்லோ இருந்தால், சோதிக்க வரும் சர்வேயர் கப்பலைத் திருப்பிவிடுவார். 7 ஹோல்டு, ஒவ்வொன்றும் ஆறு மாடிக் கட்டடம் உயரம். முதலில் கடல்நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும், பிறகு உப்பு போக நல்ல தண்ணீர், கடைசியில் அடியில் தண்ணீர் வடிந்து சேரும் பில்ஜ் கிணற்றைக் கையால் அள்ளித் துடைத்துச் சாக்கால் மூட வேண்டும். நல்ல தண்ணீரை நாங்களேதான் காய்ச்சி எடுக்கிறோம், மெயின் எஞ்சினின் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கி. ஹோல்டுக்கு அது போனால் குளியல் ஒரு வாளியாகக் குறையும். மோசமான வானிலை வந்தால் ஹோல்டின் மூடியான ஹேட்ச்சைத் திறக்கவே முடியாது என்பதால் எல்லாமே முதல் சில நாட்களில் முடிய வேண்டும். டெக்கில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து வேலை செய்வார்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்த ஏ.பி.யை, அதாவது அனுபவமுள்ள மாலுமியை, பார்த்திருக்கிறேன். கண்ணைச் சுற்றிக் கரி அப்படியே இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை; மெஸ்மேன் தட்டை மூடி வைத்தார்.

பிறகு கடல் எழும்பும். காலிக் கப்பல் மெதுவாக ஆடாது, வெடுக் வெடுக்கென்று ஆடும். குக் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்ற மாட்டார், சாம்பார் பாதிப் பாத்திரம்தான். தட்டு வழுக்காமல் இருக்க மேசை விரிப்பை நனைத்துப் போடுவார்கள். படுக்கையில் வெளிப்பக்கத்து ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டையும் ஒரு கம்பளியையும் திணித்து மெத்தையைச் சரித்து, சுவருக்கும் அதற்கும் நடுவே உடம்பைச் செருகிக்கொள்வோம். அப்படியும், எங்கோ ஒரு டிராயருக்குள் ஒரு தைல பாட்டில் உருளும். டொக், கொஞ்ச நேரம் கழித்து டொக். எழுந்து தேடி, துண்டைச் சுற்றி வைத்துவிட்டுப் படுத்தால் நேரம் பதினொன்று.

பதினொன்றரைக்கு போன் வரும். முந்தைய வாட்ச் ஏ.பி. தூத்துக்குடிக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். "சார், பதினொன்றரை. ரோலிங் சாஸ்தி, படியில கம்பியைப் பிடிச்சு வாங்க. வெளிய பனிமழை அடிக்கு, சாக்கெட் எடுத்துக்கிடுங்க." "சரிண்ணே." அலாரம் வைத்தும் எழலாம்தான். ஆனால் அந்தக் குரல் எனக்கு வேண்டும். மேலே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்து எழுவதற்கும், தெரியாமல் எழுவதற்கும் எவ்வளவோ வித்தியாசம்.

இருட்டுக்குக் கண் பழகும்வரை தேர்ட் மேட் வாட்ச்சைக் கையில் கொடுக்க மாட்டார். அதற்காகவே பத்து நிமிடம் முன்னாலேயே மேலே, கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறைக்குப் போய்விடுவேன். மூன்று மணி வாக்கில்தான் கஷ்டம். ரேடாரில் நாள்கணக்கில் ஒரு கப்பலும் இருக்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பட்டனை அழுத்தாவிட்டால் அலாரம் அடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் கேப்டன் கேபினில் அடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மனிதன் விழித்திருக்கிறானா என்பதைத்தான் அது சொல்லும், தெளிவாக இருக்கிறானா என்பதைச் சொல்லாது.

2010 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டனிலிருந்து நிலக்கரி ஏற்றிச் சீனா புறப்பட்ட 'ஷென் நெங் 1' கிரேட் பேரியர் ரீஃபில் ஏறி நின்றது. வாட்ச்சில் இருந்த சீஃப் ஆபீசர் அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. சரக்கு ஏற்றும் வேலையில் நின்ற மனிதர். அவரைக் குற்றவாளியாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

சட்டம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு, அதில் ஒரு பகுதி தொடர்ந்து 6 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம். ஆனால் சுவீடனின் மால்மோவிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஓய்வுக் கணக்கைத் திருத்தி எழுதுவது கப்பல்களில் பரவலான பழக்கம் என்றது. நான் வேலை பார்த்த ஒரு கப்பலில், ஓய்வு குறைந்தது என்று கணினியில் சிவப்புக் கட்டம் வந்தால் கப்பலில் இருக்கும் எங்களைத்தான் கரையிலிருந்து விளக்கம் கேட்பார்கள். ஆள் கூட்டித் தருகிறோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எந்தக் கேப்டன் நல்லவர் என்று என்னைக் கேட்டால், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை என்று கோர்ஸை மாற்றி, ஆட்டத்தைக் குறைத்து, ஆட்களைத் தூங்கவிடுபவரைத்தான் சொல்வேன். தினமும் நண்பகலில் கரைக்கு அனுப்பும் நூன் ரிப்போர்ட்டில் வேகம் குறைந்தது ஏன் என்று வரும் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்; தெரிந்தேதான் செய்கிறார்.

வான்கூவர் வந்ததும் இங்கிலிஷ் பே விரிகுடாவில் நங்கூரம் போட்டுக் காத்திருப்போம். மழை பெய்தால் தானியம் ஏற்ற மாட்டார்கள், குளிர்காலத்தில் அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. சர்வே, பேலஸ்ட் (காலிக் கப்பலில் எடைக்காக நிரப்பும் கடல்நீர்), லோடிங் பிளான் என்று இரண்டு நாளாகக் கண் மூடாத சீஃப் ஆபீசர் அப்போதுதான் படுக்கப் போவார். கரையிலிருந்து அவரைக் கேட்டு போன் வரும். "அவர் ஓய்வில் இருக்கிறார், என்னிடம் சொல்லுங்கள்" என்பேன். மறுபடியும் கேட்பார்கள். மறுபடியும் அதையே சொல்வேன்.