பலா அலமாரி: எந்தத் துளைக்கு எந்த பிட்டு

கடலூர் முதுநகரில் மூன்று வாரமாக நடக்கும் வேலை இது. 18 மி.மீ. பிளைவுட்டில் கூடும் கதவும், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவில் நடுத்தட்டுகள், புதுச்சேரியில் இடித்த பழைய வீட்டுத் தேக்குச் சட்டத்தில் கைப்பிடி. மூன்றும் மூன்று குணம். ஒன்றில் சுத்தமாக இறங்கிய பிட்டு (டிரில் மெஷினில் மாட்டும் துளை அலகு) இன்னொன்றில் நாரைப் பிய்த்தது.

வாங்கியது

ஹார்டுவேர் கடையில் பேச்சு இன்னும் நூல் கணக்கில்தான். இஞ்சுக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் 3.175 மி.மீ. ‘ரெண்டரை நூல்’ என்று கேட்டால் 7.94 மி.மீ. வரும், 8 மி.மீ. டவலுக்கு (இரண்டு பலகையை இணைக்கும் உருண்டை மர முளை) அது போதும், தட்டினால் இறங்கிவிடும். 10 மி.மீ. டவலுக்கு ‘மூணு நூல்’ வாங்கினால்தான் வம்பு. அது 9.5 மி.மீ. அரை மி.மீ. குறைவான துளையில் டவலை அடித்து இறக்கினால் பலகை பிளக்கும். டவலைக் கையோடு கொண்டுபோய், மி.மீ. சொல்லியே வாங்குங்கள்.

13 பிட்டு உள்ள பெட்டி பார்க்க மலிவு. அதில் 1.5-லிருந்து 6.5 மி.மீ. வரை அரை அரையாக ஏறும், நடுவே 3.2, 4.8. எல்லாமே இரும்புக்கான ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) முறுக்கு பிட்டுகள். மர வேலைக்கு அதில் நாலைந்துதான் கைக்கு வரும், 8-ம் 10-ம் கிடையவே கிடையாது. அதனால் உதிரியாக எடுத்தது: ஹெச்.எஸ்.எஸ்.-ல் 2.5, 3, 4.5, நடுவில் ஊசி முனை உள்ள மர பிட்டில் (பிராட் பாயிண்ட்) 6, 8, 10, கார்பைடு பல் வைத்த 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் (தட்டையான அடியுள்ள அகலக் குழிக்கு), 90 டிகிரி கவுண்டர்சிங் (ஸ்குரூத் தலை பலகைக்குள் பதிய வாயைச் சரிவாக வெட்டுவது), நடுவில் ஊசி உள்ள 25 மி.மீ. தட்டை இலை வடிவ ஃபிளாட் பிட்டு ஒன்று.

கவுண்டர்சிங் வாங்கும்போது டிகிரி பாருங்கள். 82 டிகிரியிலும் விற்கிறார்கள், அது அமெரிக்க ஸ்குரூவுக்கு. மெட்ரிக் ஸ்குரூத் தலை 90.

முதல் வாரம்: பிளைவுட் கூடு

8 நம்பர் ஸ்குரூவின் மேல் விட்டம் ஏறக்குறைய 4.2 மி.மீ. மேல் பலகையில் 4.5 மி.மீ. துளை, ஸ்குரூ அதில் தொளதொளவென்று போக வேண்டும். அடிப் பலகையில் 2.5 மி.மீ. பைலட், அதாவது ஸ்குரூவுக்கு வழிகாட்டும் சின்னத் துளை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே பிட்டில் துளைத்தால் ஸ்குரூவின் மரை மேல் பலகையையும் கவ்விக்கொள்ளும். எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் ஒரு இடைவெளி அப்படியே நிற்கும். கூடு ஆடுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம், பழி மட்டும் பசைமேல்.

வயர் போக 25 மி.மீ. துளைக்கு ஃபிளாட் பிட்டு. ஒரே பக்கத்திலிருந்து குத்தி வெளியே எடுத்ததில் கடைசி வெனீர் விரல் அகலத்துக்குப் பிய்ந்தது. சரியான முறை: ஊசி முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்து, திருப்பு, அந்தப் புள்ளியில் ஊசியை வைத்து முடி. திருப்ப முடியாத இடத்தில் பின்னால் ஒரு வேஸ்ட் கட்டையை கிளாம்பால் இறுக்கு. கையால் பிடித்தால் போதாது, மயிரிழை இடைவெளி இருந்தாலும் நார் அதற்குள் பிய்ந்து வரும்.

இன்னொன்று, மெஷினில் சுத்தி படம் போட்ட சுவிட்ச், இடித்துக்கொண்டே துளைப்பதற்கு. சுவரில் துளைத்துவிட்டு அதை மாற்ற மறந்து மரத்தில் வைத்தால் துளை வாய் நொறுங்கும். கான்கிரீட் பிட்டும் அப்படியே கலந்து கிடக்கும். முனையில் வேறு நிறத்தில் ஒட்டுத் துண்டு இருந்தால் அது சுவருக்கு. மரத்தில் வைத்தால் அறுக்காது, தேய்த்துக் கருக்கும்.

இரண்டாம் வாரம்: கீல் குழி

கப் வைத்த ஆட்டோ ஹிஞ்சுக்கு (கதவுக்குள் வட்டக் கிண்ணம் பதியும் கீல்) 35 மி.மீ. குழி. கதவு ஓரத்திலிருந்து குழி விளிம்புக்கு 5 மி.மீ. விட்டால், மையம் 22.5 மி.மீ. ஆழம் 12.5. இங்கே ஒரு கணக்கு தப்பும். ஃபோர்ஸ்ட்னரின் நடு ஊசி வெட்டும் தளத்தைவிட 3 மி.மீ. அளவுக்கு முன்னால் நீளும். ஆக 15.5. 18 மி.மீ. கதவில் மிச்சம் 2.5 மி.மீ.தான். 16 மி.மீ. பலகை என்றால் ஊசி கதவின் முகத்தில் மூக்கை நீட்டத் தயாராக இருக்கும். ஊசியை அரம் வைத்துக் குட்டையாக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். 12 மி.மீ. பலகையில் இந்தக் கீலே வேண்டாம்.

இதில் வேகம் முக்கியம். சாதாரண டிரில் மெஷின், சுவிட்சை முழுதாக அழுத்தினால், நிமிடத்துக்கு 2,500 தடவைக்கு மேல் சுற்றும். 35 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 500 சுற்று போதும். வேகம் கூடினால் விளிம்பு சூடேறி, பிளைவுட் பசை கருகி, புகை வாசனை வரும். இதே பசைதான் சாதா ஸ்டீல் பல்லையும் சீக்கிரம் மழுக்குகிறது; கார்பைடு பல்லுக்குக் கூடுதல் காசு கொடுப்பது அதனால்தான்.

பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்ற துப்பாக்கித் தொழிலாளி 1874-ல் காப்புரிமை வாங்கிய பிட்டு இது. நடு ஊசியை நம்பாமல் சுற்று விளிம்பால் வழி பிடிப்பதுதான் அதன் சூட்சுமம். பலகை ஓரத்தில் அரை வட்டம் வெட்டக்கூட இதனால் முடியும், டிரில் ஸ்டாண்டு இருந்தால். வெறும் கையில் முயன்றால் விளிம்பு வழுக்கி முகத்தில் பிறை போடும்.

மூன்றாம் வாரம்: பலாவும் தேக்கும்

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற பலா, காய்ந்திருந்தால் வெண்ணெய். காயாத பலகையில் தூள் ஈரமாகி பிட்டின் பள்ளத்தை அடைக்கும். அப்புறம் பிட்டு அறுக்காமல் தேய்க்கும், துளை கருகும். 10 மி.மீ. இறங்குவதற்கு ஒருமுறை, சுற்றும்போதே வெளியே எடுத்துத் தூளைத் தள்ளுங்கள்.

தட்டுக்கு 8 x 40 மி.மீ. டவல். கூட்டுப் பலகை முகத்தில் 12, தட்டின் முனையில் 30 மி.மீ. ஆழம். கூட்டினால் 42. அந்த 2 மி.மீ. பசைக்கு. அது இல்லையென்றால் அடைபட்ட பசை போக வழியில்லாமல் பலகையைப் பிளக்கும். ஆழத்துக்கு டேப் சுற்றுவார்கள், அது மெல்ல மேலே ஏறிக்கொள்ளும். ஒரு கட்டைத் துண்டை அதே பிட்டால் துளைத்து, தேவையான நீளம் மட்டும் பிட்டு வெளியே தெரிகிற மாதிரி அறுத்து மாட்டினால் நகராது.

ஊசி முனை பிட்டுக்கு முன்னால் ‘வழிகாட்டியாக’ 5 மி.மீ. துளை போடும் பழக்கம் தவறு. ஊசி பிடிக்க மரமே இருக்காது, பிட்டு துள்ளி வாயைச் சிதைக்கும். ஏற்கெனவே இருக்கும் துளையைப் பெரிதாக்க முறுக்கு பிட்டுதான்.

பழைய தேக்கில் நிலைமை தலைகீழ். மேலே தலை அறுபட்டு உள்ளே புதைந்த ஆணி எங்கே என்று தெரியாது. காந்தத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். ஆழத்தில் இருப்பது அதற்கும் அகப்படாது. அதனால் முதல் துளை எப்போதும் 3 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். ஆணியைத் தொட்டால் சத்தம் மாறும், பிட்டு பிழைக்கும். பிராட் பாயிண்ட்டின் ஓரப் பல் ஒரே ஆணியில் போய்விடும்.

கடல் காற்றுக்குப் பித்தளை ஸ்குரூ. பித்தளை மெத்து, தேக்கில் நேரே முறுக்கினால் கழுத்து ஒடியும். 3 மி.மீ. பைலட், அதே அளவு இரும்பு ஸ்குரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரை பதித்து, பிறகு மெழுகு தடவிய பித்தளை.

பிட்டு பராமரிப்பு

ஃபோர்ஸ்ட்னரைத் தீட்டும்போது சின்ன அரம் உள்பக்கம் மட்டும். வெளி விளிம்பைத் தொட்டால் 35 என்பது 34.8 ஆகும், கப் உட்காராது. ஸ்பாஞ்சு வைத்த டப்பாவில் ஐப்பசி மழைக்காலத்தில் பிட்டை வைத்தால் ஸ்பாஞ்சு ஈரம் குடித்து நாலே நாளில் துரு. தையல் மெஷின் எண்ணெய் துடைத்த துணியில் சுருட்டினால் போதும். டவல் பொட்டலத்தையும் வாய் கட்டி வைக்கணும். ஈரத்தில் உப்பினால் 8 மி.மீ. துளைக்குள் போகாது. போன வாரம் பிரித்து வைத்த பத்தில் நான்கு இறங்கவில்லை. அவற்றைத் தகர டப்பாவில் ஒரு நாள் வெயிலில் காய வைத்த பிறகுதான் மேல் தட்டு ஏறியது. கைப்பிடி இன்னும் பாக்கி.