சீட்டில் என்ன எழுதுவது

"சீட்டுல மட்டும் அதை எழுதிராதீங்க டாக்டரம்மா. கேஸ்னு போட்ருங்க."

அவர் இதைச் சொன்னபோது விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பேனா என் கையில் இருந்தது, எழுத வேண்டியதுதான் பாக்கி. அரை நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன். 'கேஸ்ட்ரைட்டிஸ்', அதாவது இரைப்பை அழற்சி என்று எழுதி, பான்டப்ரசோல் 40 மி.கி., காலையில் வெறும் வயிற்றில், பத்து நாள் என்று போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாள் நான் செய்தது சரி என்று படுகிறது. மறுநாளே தப்பு என்று படுகிறது.

ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சை மாற்றவில்லை.

தனியார் பஸ் டிரைவர், நாற்பது வயதைத் தாண்டியவர். கடைசி ட்ரிப் முடித்து வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். கண்டக்டர்தான் தாங்கிப் பிடித்துக் கேஷுவாலிட்டிக்குக் கூட்டி வந்தார். "நெஞ்சைப் புடிச்சுப் பிசையுது, மூச்சு முட்டுது, எனக்கு உசுரு போகப்போகுது, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நாடி 130, பிரஷர் 150/90, ஆக்சிஜன் 99.

ஈசிஜி எடுக்கக் கையில் கிளிப் மாட்டப் போனால் மாட்ட முடியவில்லை. மணிக்கட்டு மடங்கி, ஐந்து விரலும் நீட்டியபடி ஒன்றாகக் குவிந்து, வளையல் போட்டுக்கொள்ளக் கையை நீட்டுவார்களே, அப்படி இருந்தது. இரண்டு கையும். அதைப் பார்த்துத்தான் அவர் இன்னும் பயந்தார். "பாருங்க, கை இழுத்துக்கிச்சு, பக்கவாதம்."

பக்கவாதம் இல்லை. வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கால்சியம் குறைகிறது. உதட்டோரமும் விரல் நுனியும் மரத்து, கை இப்படிக் குவிந்துகொள்கிறது. மூச்சு நிதானப்பட்டதும் தானாக விரிந்துவிடும். சிஸ்டர் பழைய வழக்கப்படி ஒரு பேப்பர் கவரை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனார், நான் வேண்டாம் என்று தடுத்தேன். வந்திருப்பது நிஜமாகவே மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அந்தக் கவர் ஆளையே கொன்றுவிடக்கூடும். கட்டிலோரம் உட்கார்ந்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள் என்று அவரோடு சேர்ந்து நானும் மூச்சு விட்டேன். பத்து நிமிடத்தில் கை விரிந்தது.

"ஃபங்ஷனல் மாதிரி இருக்கு மேடம்," என்றார் சிஸ்டர், குரலைத் தாழ்த்தி.

எங்கள் வேலையில் புழங்கும் சொல் அது. உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நடிக்கிறார் என்றும் பாதி அர்த்தம். நானும் அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் காலத்தில் எம்பிபிஎஸ் படிப்பில் மனநலப் பிரிவுக்கு இரண்டு வாரப் பணிதான். அந்த இரண்டு வாரத்தில் பெரிய மனநோய்களைப் பார்த்தோம். ராத்திரி ஒன்றரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

ஆனால் அன்று நான் அவசரப்படவில்லை. இதை என்னை நானே தேற்றிக்கொள்ளத்தான் சொல்கிறேனோ என்னவோ, இருந்தாலும் உண்மை. ஈசிஜியில் வேகமான துடிப்பைத் தவிர வேறு மாற்றம் இல்லை. இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை ஒருமுறை, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை. இரண்டும் நெகட்டிவ். சர்க்கரை, ஹீமோகுளோபின் சரி. தைராய்டுக்கு ரத்தம் எடுத்து வைத்தேன். தைராய்டு கூடினாலும், சர்க்கரை இறங்கினாலும், இதயத்தின் மின்னோட்டம் திடீரெனக் குறுக்குவழியில் ஓடினாலும் இதே படபடப்புதான் வரும். எதையும் பார்க்காமல் மனசு என்று சொல்லிவிடுவது பெரிய தப்பு.

அந்த மூன்று மணி நேரக் காத்திருப்பில்தான் அவர் பேசினார். ஐந்து வாரத்தில் இது நான்காவது தடவையாம். முதல் தடவை வண்டியில்கூட இல்லை, வீட்டில் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது. அதிலிருந்து ராத்திரி ட்ரிப் வந்தால் முடிந்தவரை வேறொரு டிரைவருக்கு மாற்றிவிடுகிறார். டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். "ரூட்டுல எந்தக் கிலோமீட்டர் கல்லுல இருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிசம்னு எனக்கு மனப்பாடம்மா. அந்தக் கணக்குப் போட்டுக்கிட்டேதான் ஓட்டுறேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே எட்டாக மடித்த இரண்டு பழைய ஈசிஜி. அந்தத் தாள் சூட்டில் மங்கிவிடும் தாள். அவர் உடம்பின் சூட்டுக்கும் வியர்வைக்கும் கோடுகள் முக்கால்வாசி அழிந்து, மடிப்பில் மட்டும் ஒரு கருப்புத் தழும்பு இருந்தது. ஆனாலும் அதை எடுத்துப் பார்ப்பாராம், பார்த்தால் கொஞ்சம் தைரியம் வருமாம். கூடவே நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட், இதய நோயாளிகளின் நெஞ்சுவலி மாத்திரை. அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லி, மெடிக்கலில் வாங்கியது. படபடப்பு வந்தால் ஒன்றை வைத்துக்கொள்வார். அந்த மாத்திரை ரத்தக் குழாயை விரிக்கும், பிரஷரை இறக்கும், அதை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாக அடிக்கும், தலை விண்விண் என்று தெறிக்கும். பயத்தை அடக்க என்று அவர் வைத்துக்கொண்டதே பயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தது. அதை நான் சொன்னதும் அவர் அந்த அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. காரணமில்லாமல் திடீர் திடீரென்று திரும்ப வருகிறது, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகிறது. மறுபடி வந்துவிடுமோ என்ற கவலையிலும், அதற்காக வாழ்க்கையையே மாற்றிக்கொள்வதிலும் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. பேனிக் டிசார்டர் என்பதற்குச் சொல்லும் இலக்கணம் அதுதான். படபடப்பைவிட, படபடப்பைப் பற்றிய அந்தப் பயம்தான் வியாதி. 1986-ல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் சொன்னதன் சாரம் அது. உடம்பில் எழும் சாதாரண அசைவை மரணம் என்று படித்துக்கொள்கிறோம், படித்த பயத்தில் அசைவு கூடுகிறது, கூடியதைப் பார்த்து இன்னும் பயப்படுகிறோம்.

எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். "இது ஹார்ட் இல்ல. ஆனா ஒண்ணும் இல்லைன்னும் சொல்ல மாட்டேன். இதுக்குப் பேர் பேனிக் டிசார்டர். மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு, குணமாகும்."

"அப்ப மென்டலாம்மா?"

"இல்ல. வீட்ல திருடன் வந்தா அடிக்கிற அலாரம், திருடன் வராமலே அடிக்குது. அலாரத்தைத்தான் சரி பண்ணணும்."

"வண்டில இருக்கும்போது மயக்கம் போட்டு விழுந்துருவேனா?"

"பிரஷர் இறங்கினாத்தான் மயக்கம். இதுல பிரஷர் ஏறும். மயங்கி விழறது ரொம்ப அபூர்வம்." சொல்லிவிட்டு, அந்தக் குவிந்த விரல்கள் ஸ்டியரிங்கில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். "ஆனா மருந்து ஆரம்பிச்சு நிதானத்துக்கு வர்ற வரைக்கும் பஸ் எடுக்காதீங்க" என்றேன். அல்பிரசோலம் கொடுத்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். தூக்கம் இழுக்கும் மாத்திரையை டிரைவர் கையில் கொடுத்து அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை, பழகினால் விடுவதும் கஷ்டம். ஜில்லா அரசு மருத்துவமனையின் மனநல ஓபிக்குப் போங்கள், மாத்திரை இலவசம் என்றேன்.

தலையாட்டினார். பிறகுதான் அதைக் கேட்டார். லீவு சொல்ல ஓனரிடம் சீட்டைக் காட்ட வேண்டும். ஓனர் படித்தால் கண்டக்டருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரிந்தால் ஸ்டாண்டுக்கே தெரியும். மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "கேஸ்னு போட்ருங்க."

போட்டேன்.

அந்த வியாதி அவருடையது, அதை யாருக்குச் சொல்வது என்பது அவர் உரிமை. வேலை போனால் நானா அவர் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுக்கப் போகிறேன்? வாய்விட்டு எல்லாம் சொன்னேன், போக வேண்டிய இடத்தைச் சொன்னேன், சீட்டு வெறும் காகிதம். இப்படி ஒரு பக்கம் மனசு சொல்லும்.

அது வெறும் காகிதம் இல்லை என்பது எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அவர் மனைவி சின்னப் பையனுக்குக் காய்ச்சல் என்று வந்தவர், என்னை அடையாளம் கண்டு, மறுநாள் வீட்டுக்காரரின் ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே என் சீட்டு. அதற்கடியில், நான் லீவில் இருந்த ஒரு ராத்திரி அதே படபடப்போடு அவர் வந்ததற்கான சீட்டு. என் ஜூனியர் என் எழுத்தைப் பார்த்திருக்கிறார், மூத்தவர் எழுதியிருக்கிறாரே என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். 'கேஸ்ட்ரைட்டிஸ், மறுபடி.' அதற்கடியில் வேறு ஊரில் எடுத்த எண்டோஸ்கோப்பி. அதற்கடியில் இன்னொரு இடத்தில் பார்த்த ஸ்கேன். ஒவ்வொருவரும் முந்தையவரின் சீட்டைப் படித்து வயிற்றுக்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நான் ஒரு லீவு லெட்டருக்காக எழுதிய பொய் எட்டு மாதம் வியாதியாக நடமாடியிருக்கிறது.

இடையில் பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார்கள். சொன்னால் சிரிப்பீர்களோ என்று அந்தம்மா தயங்கினார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஃபைலில் இருந்த எல்லாரையும்விட, மந்திரித்தவர்தான் பயம் என்று சரியாகச் சொல்லியிருக்கிறார்.

"இப்ப எந்த பஸ்ல போறாரு?" என்று கேட்டேன்.

"பஸ்ஸா? அதை விட்டு அஞ்சு மாசம் ஆச்சுங்கம்மா. யாரும் போகச் சொல்லல. அவரேதான் சாவியைக் குடுத்துட்டு வந்துட்டாரு."

எந்த வேலையைக் காப்பாற்ற நான் அந்தச் சொல்லை மறைத்தேனோ, அந்த வேலை ஐந்து மாதம் முன்பே போயிருந்தது.

1871-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய சிப்பாய்களைப் பற்றி டா கோஸ்டா என்ற மருத்துவர் எழுதினார். படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல். அவர் வைத்த பெயர் எரிச்சலுற்ற இதயம். இன்று திரும்பிப் பார்க்கிறவர்கள் அவர்களில் பலருக்கு இருந்தது இதுதான் என்கிறார்கள். பேனிக் டிசார்டர் என்று தனிப் பெயரோடு அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது 1980-ல். அதற்கு முன்பே டொனால்ட் க்ளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையை இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பலன் இல்லை என்று டாக்டர்கள் நினைத்தபோது, சாகப்போகிறேன் என்று நர்சுகளிடம் ஓடி வருவதை நோயாளிகள் நிறுத்திவிட்டதை வார்டு நர்சுகள்தான் கவனித்தார்கள். இந்த வியாதிக்கு என்றைக்கும் ஏதாவது ஒரு உறுப்பின் பெயரைத்தான் கடன் வாங்கியிருக்கிறோம். நான் இரைப்பையைக் கொடுத்தேன். இப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. ஆறுதல் தேடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தம்மாவிடம் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். இந்த முறை பெயரை முழுதாக எழுதினேன். பின்பக்கம் 14416 என்று டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி நம்பரை எழுதி, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். செர்ட்ராலின் மாதிரி மாத்திரை கொடுப்பார்கள், குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள், முதல் வாரம் படபடப்பு கூடுகிற மாதிரி இருக்கும், நிறுத்திவிடக் கூடாது, பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அப்படியும் ஆறாம் நாள் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மனநல டாக்டர் திட்டாமல் பாதி மாத்திரையிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். கூடவே ஒரு பயிற்சி. மாடிப்படியில் ஏறி இறங்கி நெஞ்சை வேண்டுமென்றே படபடக்க வைத்து, அது தானாக அடங்கும்வரை ஈசிஜியைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் செய்திருக்கிறார். சாகவில்லை என்பதை உடம்புக்கே சொல்லிக் கொடுக்கிற வேலை அது.

போன மாதம் மார்க்கெட் பக்கம் பார்த்தேன். காய்கறி லோடு ஏற்றிய குட்டி யானையிலிருந்து இறங்கி வந்தார். சட்டைப் பையில் கவர் இல்லை, முதலில் அதைத்தான் பார்த்தேன். கையில் டீ கிளாஸ்.

மாத்திரை தொடர்கிறதா என்று கேட்டேன். ஒருநாள் விடாமல் போடுகிறாராம். எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்வார் என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ராத்திரிச் சீட்டைப் பற்றி, அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மகளைக் கட்டிக் குடுத்துட்டேம்மா. சம்மந்தி வீட்டுக்காரங்க வந்து தங்குறப்ப தெனம் என்ன மாத்திரைன்னு கேப்பாங்க. கேஸ் மாத்திரைன்னு சொல்லிருக்கேன். நீங்க எழுதிக் குடுத்தீங்கல்ல, அந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். லேமினேஷன் போட்டு வச்சிருக்கேன்."