கை போகிற இடம்

குளச்சல் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஓ.பி. நர்ஸாக இருக்கிறேன். இங்கே வருகிறவர்களுக்கு நெஞ்சு அடைத்தாலும் கேஸ் (வாயு), முதுகு பிடித்தாலும் கேஸ், தலை கறங்கினாலும் கேஸ்தான். அதனால் வாய் சொல்வதைவிடக் கை எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன்.

கையையும் முழுசாக நம்ப முடியாது. குடல்வால் வீங்கினால் வலி பெரும்பாலும் முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வரும். வலது அடிவயிற்றுக்கு இறங்கச் சில மணி நேரமாவது ஆகும். குடல்வால் நரம்பும் தொப்புள் பக்கத்துத் தோல் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேருவதால் மூளைக்கு இடம் பிடிபடுவதில்லை. பித்தப்பைக் கல்லோடு வலது தோளைத் தடவிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மாரடைப்போடு வந்து சோடா கேட்கிறவர்களும் உண்டு. சர்க்கரை உள்ளவர் மேல்வயிற்றைத் தொட்டால், எத்தனை ஏப்பம் விட்டாலும் சரி, முதலில் ஈசிஜி. இதில் எனக்குப் பிடிவாதம்தான்.

குமட்டல் இன்னும் குழப்பம் பிடித்தது. அது வயிற்றில்தான் பிறக்க வேண்டும் என்றில்லை. தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். புதுப் பையன் போட்டின் உள்ளறையில் படுத்தால் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரியும், உள்காது ஆடுகிறது என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு பிரட்டுகிறது. மேலே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும். உள்காதின் சமநிலை உணர்வு இரண்டு பக்கமும் அடியோடு போனவர்களுக்குக் கடலில் குமட்டலே வருவதில்லை! கரைக்கு வந்தபிறகும் தரை ஆடுவதாகச் சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

ஒருநாள் ஒரு அக்கா வந்தார். "சிஸ்டரே, ராத்திரி தின்ன சாளக்கறி சேரல்ல. ஒரே ஓங்கரிப்பு."

"எப்ப வருது அக்கா? சும்மா இருக்கும்போதா?"

"இல்ல, கட்டில்ல வலப்பக்கம் திரும்பினா ரூமே கறங்குது. கொஞ்ச நேரத்துல நின்னுரும். பொறவு வயிறு பிரட்டும்."

சாளையின் மேல் குற்றமில்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை திரும்பும்போதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் வரும். டாக்டர் அவரைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தார், கருவிழி துடித்தது. அப்படியே மெல்ல மெல்ல மறுபக்கம் உருட்டி, எழுப்பி உட்காரவைத்தார்.

அக்கா தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். கறக்கம் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் சிஸ்டரே, கேஸுக்கு ஒரு மாத்திரையும் தரலியே?"