சுருட்டில் தொடங்கிய ஆங்கிலம்

ரங்கூனில் கோயில் மாலைப் பூசை முடிந்ததும் மண்டபத்துக் கோடியில் பாய் விரிப்போம். ஒரு மணி நேரம் தமிழ். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பத்தாம் வகுப்புக்காரர் நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் தங்கிவிடுவோம். வாத்தியார் ஐயா பலகையைத் துடைத்துவிட்டு ஆங்கிலம் தொடங்குவார். அந்தப் பலகையின் இடது மூலை உடைந்திருந்தது நம் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் பலருக்கும் நினைவிருக்கும்.

எங்கள் செட்டுக்கு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில்தான் ஏ, பி, சி. பத்தாம் வகுப்புத் தேர்விலோ ஆங்கிலமும் சேர்ந்த ஆறு பாடங்களின் மொத்த மதிப்பெண்தான் மருத்துவமா, பொறியியலா என்று தீர்மானிக்கும். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம். ஆங்கிலம் காதில் விழவே விழாது. பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த சொற்பட்டியல் ஒன்றை வாங்கி, நாளுக்கு ஐம்பது சொல் என்று உருப்போட்டேன். ‘பி’ வரிசைக்கு வருவதற்குள் ‘ஏ’ வரிசை போய்விட்டிருந்தது.

வகுப்பு முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்றபோது ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார்.

“இது என்ன தம்பி?”

“சுருட்டு, ஐயா.”

“இங்கிலீஷ்ல?”

“செரூட்.”

“நம்ம சொல்லுதான். அவன் வாங்கி வச்சிருக்கான். கடன் கொடுத்தவன் கடன்காரனைப் பார்த்துப் பயப்படலாமாப்பா?”

மறுநாள் பலகை நிறைய அந்தச் சுருட்டுதான். சுருட்டு என்றால் சுருட்டியது. லத்தீனில் உருட்டுவதற்கும் சுருட்டுவதற்கும் ‘வொல்வெரே’ என்று ஒரு வினை. சுழல்வது ரிவால்வ். சுருள் பிரிவதுபோல் மெல்ல மெல்ல வளர்ந்து வருவது இவால்வ். உள்ளே சுற்றி இழுத்துக்கொள்வது இன்வால்வ். முற்காலத்தில் நூல் என்பது சுருட்டி வைத்த சுருள், அதனால்தான் ஒரு தொகுதிக்கு வால்யூம் என்று பெயர். சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும் பேச்சு கன்வலூட்டட். அன்றைக்குக் கற்ற சொற்களில் ஒன்றுகூட இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அதற்கடுத்த வாரம், பர்மாவில் மாணிக்கம் தோண்டும் மோகோக் ஊரின் கல். மாணிக்கக் கல்லின் கனிமப் பெயர் கொரண்டம், அது நம் தமிழ்ச் சொல்லான குருந்தம்தான் என்றதும் எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. ரூபி லத்தீன் வழி வந்தது, சிவப்பு என்று பொருள். ஏட்டில் சிவப்பு மையால் எழுதிய தலைப்பு ரூப்ரிக், சிவந்த முகத்துக்காரர் ரூபிகண்ட். ஐராவதியில் மிதந்து வரும் தேக்கு, போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போய் டீக் ஆனதையும் அப்போதுதான் சொன்னார். பர்மாவில் எங்கள் கைக்கும் கண்ணுக்கும் எட்டிய பொருள்களிலிருந்தே ஆங்கிலத்துக்கு வழி போட்டார். சொற்பட்டியலை உருப்போடச் சொல்லும் ஆசிரியர்கள் பிறகு எனக்கு நிறைய வாய்த்தார்கள். இப்படி ஒருவர் வாய்க்கவே இல்லை.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. எங்கள் அப்பாவின் கடைப் பெட்டியில் இருந்ததில் பெரும்பகுதி அந்த நோட்டுகள்தான். அன்று மாலை ஐயா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ‘டிஃபங்க்ட்’ என்று எழுதினார். வழக்கொழிந்தது, செத்துப்போனது. பொருளைத் தமிழில் ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். அந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு அப்பாவின் கடைப் பெட்டி தெரிகிறது.

1988இல் பல்கலைக்கழகங்களை மூடிவிட்டார்கள். பத்து தேறியும் போக இடமில்லை. வெளிநாடு போய்ப் படிக்க டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்றதும் மறுபடி ஐயாவிடமே போனேன். அக்காலத் தாளில் ஒரு வாக்கியம் இருக்கும், அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு, கீழே நான்கு விடை. பயிற்சித் தாளில் ‘மேலியபிள்’ வந்தது. ‘மல்’ என்றால் கெட்டது என்று கற்றிருந்தேன். அந்தத் தெம்பில் ‘கெட்ட’ என்ற விடையைக் குறித்தேன். ஐயா திட்டவில்லை. ஃபிரேசர் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பத்தர் கடைக்குக் கூட்டிப்போனார். (அனவ்ரஹ்தா சாலை என்று பெயர் மாறிப் பல காலம் ஆகியும் எங்கள் பெரியவர்களுக்கு அது ஃபிரேசர் தெருதான்.) பத்தர் பொன்னைத் தட்டத் தட்ட அது உடையாமல் தகடாகிக்கொண்டே போனது. “லத்தீன்ல சுத்தியலுக்கு மல்லியஸ். தட்டினா வளைஞ்சு கொடுக்கிறது மேலியபிள். வேரைப் பார்த்தா மட்டும் போதாது தம்பி, எந்த மரத்து வேருன்னும் பார்க்கணும்” என்றார்.

கற்ற சொல்லை அன்றிரவு ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, வாரம் கழித்து, மாதம் கழித்துப் பார்க்கச் சொல்வார். நோட்டுப் பக்கத்தை நெடுக்கே மடித்து, இடப்பக்கம் சொல், மறுபக்கம் சொந்தமாக ஒரு வாக்கியம். தவறிய சொல்லுக்கு மட்டும் மீண்டும் முதல் நாள். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிலைக்கும் என்று ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் 1885இலேயே எழுதியதைப் பின்னாளில் படித்தேன். ஐயா அவரைப் படித்தாரா, தம் அனுபவத்திலேயே கண்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த நோட்டுகளில் முதலாவது என்னிடம் இருக்கிறது. ஓரங்களில் ஐயாவின் சிவப்பு மைத் திருத்தங்கள் இன்னும் மங்கவில்லை. இரண்டாவதை டோஃபல் முடிந்ததும் நம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்தேன், அது பல கை மாறிவிட்டது. இதைப் படிக்கும் யாரிடமாவது நீல அட்டை போட்ட, நெடுக்கே மடித்த பக்கங்கள் உள்ள நோட்டு இருந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் படியெடுத்து, ரங்கூனில் இப்போது அந்த மண்டபத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும்.