டாஹோ ஏரிக்காட்டில் ஒரு குளிர்காலம்: நாட்குறிப்பு

டிசம்பர் 28

விடுமுறைக் கூட்டத்தால் 50ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. டயரில் சங்கிலி மாட்டாதவர்களைச் சாலைப் பணியாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். எக்கோ கணவாயைத் தாண்டி இறங்கும்போது டாஹோ ஏரி தொலைவில் தெரிந்தது. 22 மைல் நீளமும் 12 மைல் அகலமும் கொண்ட இந்த ஏரியின் பெரும ஆழம் 1,645 அடி. இதில் 63 ஓடைகள் வந்து கலக்கின்றன. வெளியேறுவது ட்ரக்கி ஆறு ஒன்றுதான். அதுவும் கடலைச் சேராமல் நெவாடாவின் வறண்ட நிலத்தில் பிரமிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது.

இனிக் குளிர்காலம் முழுவதும் ஏரிக்குத் தெற்கே உள்ள மையர்ஸ் என்ற சிற்றூரில்தான் தங்கல். இங்கே காட்டைப் பேணுவதும் ஏரியைப் பேணுவதும் வேறுவேறல்ல. 1973இல் அமெரிக்க வனத்துறை எல்டொராடோ, டாஹோ, டொயாபே என்னும் மூன்று தேசியக் காடுகளிலிருந்து ஏரியைச் சுற்றிய பகுதிகளைப் பிரித்தெடுத்து ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா, நெவாடா என்ற மாநில எல்லையைப் பாராமல், ஏரிக்கு நீர் வடியும் மலைமுகடுகளை எல்லையாகக் கொண்டது அந்த ஏற்பாடு. வடிநிலப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு, அதாவது ஒன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், அதன் பொறுப்பில் இருக்கிறது.

ஜனவரி 4

ஃபாலன் லீஃப் ஏரிப் பக்கம் பனிக்காலணி கட்டிக்கொண்டு நடந்தோம். சற்று மேட்டில் நிற்கும் ஃபர் என்னும் ஊசியிலை மரங்களில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி) படர்ந்திருக்கிறது. வழக்கமாகப் பனி மூடிக்கிடக்கும் உயரம் வரை அடிமரத்தில் அது வளர்வதில்லை. எனவே கோடையில் வந்தால்கூட, அது தொடங்கும் மட்டத்தைப் பார்த்து அங்கே எவ்வளவு பனி சேரும் என்று கணிக்கலாம். மரத்தடியை ஒட்டி நடக்கக் கூடாது என்று உடன்வந்த உள்ளூர்ப் பெரியவர் எச்சரித்தார். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் பொய்க்குழியாக இருக்கும். விழுந்தவர் தாமாக ஏறி வருவது கடினம்.

முதல்முறை வருபவர்கள் இதை ஆதிகாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இதன் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு எழுந்தது. 1859இல் வர்ஜீனியா சிட்டியில் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டதும், சுரங்கங்களுக்கு முட்டுக் கொடுக்க இந்த மலைகளின் மரங்கள் வெட்டி இறக்கப்பட்டன. வெட்டிய இடத்தில் ஒரே வயதுடைய மரங்கள், குறிப்பாக வெள்ளை ஃபர், நெருக்கியடித்து முளைத்தன. பின்னர்க் காட்டுத்தீயைக் கண்ட இடத்தில் எல்லாம் அணைத்த கொள்கை அந்த நெருக்கத்தை இன்னும் கூட்டிவிட்டது.

ஜனவரி 10

காலையில் வெண்தலைக் கழுகுக் கணக்கெடுப்பு. ஏரியைச் சுற்றிப் பல இடங்களில் ஒரே நேரத்தில் ஆட்கள் நின்று பார்த்துக் குறிக்கிறார்கள். ஏரி உறையாததால்தான் கழுகுகளுக்குக் குளிர்காலத்திலும் இங்கே மீன் கிடைக்கிறது. மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கீழிறங்க, அடியிலிருந்து சற்று வெதுவெதுப்பான நீர் மேலேறுகிறது. இவ்வளவு ஆழமான நீர் முழுவதும் உறைநிலையை நெருங்குவதற்குள் குளிர்காலமே முடிந்துவிடுகிறது.

ஜனவரி 16

இன்று குவியல் எரிப்பு: நெருங்கிய காட்டில் தீக்கு இரையாகக்கூடியதை முன்னரே எரித்துவிடும் வேலை. அனுமதி பெற்ற தொலைவில் நின்று முழுநாளும் பார்த்தேன். கோடையில் ஆட்கள் சிறுமரங்களையும் காய்ந்த கிளைகளையும் களைந்து ஆளுயரக் குவியல்களாக அடுக்குகிறார்கள். அவை நன்றாகக் காயும்வரை விட்டுவைத்து, சுற்றிலும் பனியோ ஈரமோ இருக்கும் நாளில் எரிக்கிறார்கள். நாள் குறிப்பது எளிதல்ல. காற்று பலமாக வீசினால் தீப்பொறி பறக்கும்; காற்றே இல்லாமல் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிக் கிடந்தால் புகை ஊருக்குள்ளேயே நின்றுவிடும். காற்றுத்தர அதிகாரிகளின் இசைவும் வேண்டும். டீசலும் பெட்ரோலும் கலந்த எரிபொருளை எரியும் சொட்டுகளாக விழச்செய்யும் சொட்டுவிளக்கால் தீ வைத்த பிறகு, எரியாமல் ஓரத்தில் தங்கும் கட்டைகளை நடுவே தள்ளிவிடுவதுதான் நாள் முழுவதும் நடக்கும் வேலை.

புகையைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு உண்டு. எனக்கு அதில் அனுதாபம் குறைவு. 2007 ஜூனில் ஆங்கோரா தீ 254 வீடுகளை அழித்தது. அதற்குக் காரணம் முழுதாக அணைக்காமல் விட்டுச்சென்ற ஒரு முகாம்நெருப்பு. 2021இல் கால்டோர் தீ மலைமுகட்டைத் தாண்டி இந்த வடிநிலத்துக்குள் இறங்கியபோது, ஆகஸ்ட் 30 அன்று சவுத் லேக் டாஹோ நகரமே காலிசெய்யப்பட்டது. மையர்ஸ் வீடுகள் தப்பியதற்குத் தீயணைப்பு வீரர்களின் உழைப்போடு, அவற்றைச் சுற்றி முன்னரே மரங்களைக் களைந்து வைத்திருந்ததும் ஒரு காரணம். ஆகஸ்டில் வாரக்கணக்கில் அடைத்துக்கொள்ளும் புகையைச் சுவாசித்தவர்கள் ஜனவரியின் இரண்டு நாள் புகையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 21

மூன்று நாள் விடுமுறை முடிந்த மறுநாள் ஸ்பூனர் கணவாய்ச் சரிவில் குப்பை பொறுக்கினோம். மலிவான பிளாஸ்டிக் சறுக்குத்தட்டுகள் முதல் மோதலிலேயே நொறுங்கிவிடும். குடும்பங்கள் அவற்றை அப்படியே போட்டுவிட்டுப் போகின்றன. அடுத்த பனிப்பொழிவுக்குள் எடுக்காவிட்டால், மே மாதம் பனி உருகும்போது ஓடைகளில்தான் மீண்டும் தென்படும். பெரிய துண்டுகளைவிட நகத்தளவு சில்லுகளே அதிக நேரத்தைப் பிடித்தன. தட்டு விற்கும் கடைகளே உடைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பிப்ரவரி 8

நான்கு நாள் பனிக்குப் பிறகு வெயில். எமரால்ட் விரிகுடா வழியாகச் செல்லும் 89ஆம் எண் சாலை பனிச்சரிவு அபாயத்தால் மூடப்பட்டிருக்கிறது. திறந்திருக்கும் சாலைகளில் வழுக்காமலிருக்கத் தூவிய மணலைப் பார்த்தபடி நடந்தேன். ஏரியின் தெளிவைக் கெடுப்பதில் இதற்கும் பங்குண்டு. சக்கரங்களில் அரைபட்டு மாவாகும் மணல், உருகும் பனிநீரோடு வடிகால்களில் இறங்குகிறது. 16 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் எளிதில் அடியில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. இத்தகைய துகள்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் வருவது காட்டிலிருந்து அல்ல, ஊர்ப்புறங்களிலிருந்தும் சாலைகளிலிருந்தும்தான். வெள்ளைத் தட்டு ஒன்றை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளக்கிறார்கள். 1968இல் ஆண்டுச் சராசரி 102 அடியாக இருந்தது. அண்மைக் காலத்தில் அது பெரும்பாலும் 60 முதல் 70 அடிக்குள் நிற்கிறது.

இந்த வண்டலை முன்பு வடிகட்டியது, தெற்கிலிருந்து ஏரிக்குள் வந்து விழும் அப்பர் ட்ரக்கி ஆறு ஏரியைத் தொடும் இடத்திலிருந்த சதுப்புநிலம். 1960களில் அதில் ஒரு பெரிய பகுதியைத் தோண்டி, கால்வாய் வெட்டி வீடுகள் கட்டினார்கள். எஞ்சியதை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது; ஆனால் இழந்த சதுப்பின் வேலையை எந்த வண்டல்தொட்டியும் முழுதாகச் செய்துவிடாது. அடுத்த வாரம் வெப்பம் ஏறும் என்கிறார்கள். அதற்குள் மணல் வாரும் வண்டிகள் மையர்ஸ் தெருக்களில் ஒரு சுற்றாவது வந்துபோக வேண்டும்.