அலகை விடுங்கள், வார்ப்பைப் பாருங்கள்

மே 14, 2024

மாசச்சூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் பழம்பொருள் சந்தை தொடங்கிவிட்டது, காலையிலேயே போய்விட்டேன். மே, ஜூலை, செப்டம்பர் என்று வருஷத்தில் மூன்று முறை நடக்கும் சந்தை. ஒரு பெட்டி நிறைய துருப்பிடித்த ஸ்டான்லி நிறுவன இழைப்புளிகளை (மரத்தை இழைத்துச் சமப்படுத்தும் கருவி) ஒருவர் கொட்டி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் "1920" என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் அலகின் மேல் இதயக்குறி இருக்கிறதாம். இதயத்துக்குள் எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துகள்: ஸ்டான்லி ஒர்க்ஸின் தலைவராக நீண்டகாலம் இருந்த வில்லியம் ஹார்ட்டை நினைத்து வைத்த குறி, அவர் பெயர் ஆங்கிலத்தில் இதயம் என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். 1920 வாக்கில் வந்து 1930களின் நடுவரை ஓடியது. அது சரிதான். ஆனால் அது அலகின் வயதுதானே! அலகு தீட்டத் தீட்டத் தேயும், தேய்ந்தால் தச்சர் கடையில் புதிதாக வாங்கி மாட்டுவார். இழைப்புளியில் எளிதாக மாறிப்போகும் பாகமே அதுதான், எல்லோரும் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பெட்டியிலிருந்து ஸ்டான்லியின் ஐந்தாம் எண் இழைப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டேன். முன்பக்கக் குமிழ் குட்டையாக இருந்தது, அதுதான் என்னை இழுத்தது.

மே 16

இன்று கழற்றிப் பார்த்தேன். அலகு, அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப், அலகைத் தாங்கும் ஃபிராக் எல்லாம் வெளியே வந்த பிறகு வார்ப்பிரும்பு அடிப்பாகத்தில் ஃபிராக்குக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். கம்பி பிரஷ் போட்டால் கறுப்புப் பூச்சு போய்விடும், அந்தப் பூச்சும் ஒரு சாட்சிதான். மூன்று பேட்டன்ட் தேதிகள் வெளிப்பட்டன: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. மூன்றும் சேர்ந்து வார்ப்பில் இருந்தால் சேகரிப்பாளர்கள் அதைப் பதினொன்றாம் வகை என்பார்கள், 1910 முதல் 1918 வரை. குட்டைக் குமிழும் ஒத்துப்போகிறது, ஏனென்றால் உயரமான குமிழ் 1920ஐ ஒட்டித்தான் வருகிறது. ஃபிராக்கை முன்பின் நகர்த்தும் திருகும் இருக்கிறது, 1907க்கு முன்னால் அது கிடையாது. ஆக உடலுக்கு ஒரு வயது, அதில் உட்கார்ந்திருக்கும் இதயக்குறி அலகுக்கு வேறு வயது. அந்த அலகை வாங்கிப் போட்டவர் இந்த இழைப்புளியை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த "வகை" எண்கள் ஸ்டான்லி போட்டவை அல்ல, பின்னால் வந்த சேகரிப்பாளர்கள் பாகங்களை ஒப்பிட்டு வகுத்தவை. ஸ்டான்லியின் நியூ பிரிட்டன் தொழிற்சாலையில் பழைய பாகம் கையிருப்பில் இருக்கும்வரை அதையே மாட்டி அனுப்பினார்கள். அதனால் ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிற்கும் இழைப்புளிகள் நிறைய உண்டு. அவற்றைப் பொருந்தாதவை என்று ஒதுக்குவது தப்பு.

மே 17

நண்பர் ஒருவர் அந்த அலகை எடுத்துவிட்டு, 1912இல் வந்த வி வடிவ முத்திரை உள்ள அலகை மாட்டு, விலை ஏறும் என்கிறார். மாட்ட மாட்டேன். அப்படி மாற்றினால் அடுத்து வாங்குபவருக்கு நான் பொய் சொன்னதாக ஆகும்.

மே 21

வீட்டில் இருக்கும் மற்றவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். குமிழைச் சுற்றி வார்ப்பிலேயே ஒரு வளையம் எழும்பியிருந்தால் 1929, 30க்குப் பிறகு: உயரமான குமிழ்கள் அடியில் பிளந்துகொண்டே இருந்ததால் அந்தப் பிடிமானத்தைச் சேர்த்தார்கள். லீவர் கேப்பின் துளை சிறுநீரக வடிவில் இருந்தால் 1933 வாக்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால இழைப்புளியைக் கையில் எடுத்தவுடனே தெரியும், வார்ப்பு தடித்துக் கனக்கும், பித்தளை கிடைக்காததால் ஆழம் சரிசெய்யும் சக்கரம் எஃகிலோ கெட்டி ரப்பரிலோ இருக்கும்.

மே 26

மரத்தாலான பழைய இழைப்புளி ஒன்று பார்க்கக் கிடைத்தது. இங்கே பேட்டன்ட் தேதி எதுவும் இல்லை, மூக்குப் பக்கம், அதாவது முன்முனையில், குத்திய பெயர்கள்தான். நாலைந்து பெயர் இருந்தால் எது செய்தவருடையது? செய்தவரின் முத்திரை பெரும்பாலும் மேல்பகுதியில் நடுவாக, ஒரே அடியில் நேராக விழுந்திருக்கும், ஊர்ப் பெயரும் சேர்ந்திருக்கலாம். உடைமைக்காரர்கள் வசதிப்பட்ட இடத்தில் கோணலாகக் குத்துவார்கள், சிலர் மூன்று நான்கு முறை. பெயர் படிக்க முடியாவிட்டாலும் உடலே பேசும்: நியூ இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டு இழைப்புளிகள் பல மஞ்சள் பிர்ச் மரத்தில் ஏறத்தாழ 10 அங்குல நீளம், விளிம்புச் சரிவு அகலமாகத் தட்டையாக இருக்கும். 1800 வாக்கில் பீச் மரமும் 9½ அங்குலமும் வழக்கமாகி, சரிவு குறுகி உருண்டு போகிறது.

மே 28

ரென்தாம் நினைவிலேயே இருக்கிறேன். பிரான்சிஸ் நிக்கல்சன் மாசச்சூசெட்ஸின் அந்த ஊரில் இழைப்புளி செய்தவர், அமெரிக்காவில் பதிவுகளில் கிடைக்கும் மிகப் பழைய இழைப்புளித் தச்சர்களில் ஒருவர். அவருக்கு அடிமையாக இருந்து தொழில் செய்தவர் சீசர் செலோர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது உயில் வழியாகச் செலோருக்கு விடுதலை, 10 ஏக்கர் நிலம், கருவிகள், பட்டறையில் வேலை செய்யும் உரிமை, மரம் எல்லாம் கிடைத்தன. அதற்குப் பிறகு அவர் தன் பெயரிலேயே முத்திரை வைத்தார்: ரென்தாமில் வசிக்கும் செலோர். 1784இல் இறந்தார். ஆகவே அந்த முத்திரை உள்ள இழைப்புளி 1753க்கும் 1784க்கும் இடைப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதற்கு முன் அவர் கைபட்டவை எஜமானின் பெயரோடுதான் போயிருக்கும், அவற்றில் எது அவருடையது என்று பிரித்தறிய அலகை இறுக்கும் ஆப்பின் வளைவையும் விளிம்புச் சரிவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வழி. அதைச் செய்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.